பொன்னாடை போதும், பதில் போடுங்கள்

பெறுநர்: தாமிரபரணியை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வைத்திருக்கும் துறைகளின் மேலான சமூகத்திற்கு

பொருள்: வெள்ளத்துக்குப் பின் ஆற்றைச் சீர்செய்யும் தன்னார்வலர்களைப் பாராட்டியமை – நன்றி – மேற்கொண்டு சில வேண்டுதல்கள் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை கொட்டியது. குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன. ஆற்றின் புறம்போக்கு வருவாய்த் துறைக்கு, ஓடும் நீர் நீர்வளத் துறைக்கு, அதில் விழும் சாக்கடை உள்ளாட்சிக்கு, சாக்கடையை அளந்து எழுதும் வேலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு என்று தாங்கள் பாடுபட்டு வகுத்த எல்லைகளை வெள்ளம் துளியும் மதிக்கவில்லை. விளக்கம் கேட்டு அதற்கொரு நோட்டீஸ் அனுப்பியிருக்கலாம். அதே ஒழுங்கீனத்தைத் தன்னார்வலர்களும் செய்கிறார்கள். உடைப்பைக் கண்டால் மண்மூட்டையோடு போய் நிற்கிறார்கள். எந்தத் துறையின் உடைப்பு என்று விசாரிப்பதில்லை. அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதில் அரசு அலுவலகங்களுக்கு என்றுமே தாராள மனசு. ஆனால் அந்தப் பொன்னாடையோடு கோப்பும் மூடப்படுகிறதே, அதுதான் சங்கடம்.

அவர்கள் செய்யும் வேலையைச் சற்று நெருங்கிப் பாருங்கள். பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடப்படும் வேட்டியும் சேலையும் பாறை இடுக்கிலும் மரவேரிலும் சுற்றிக்கொள்கின்றன. மணல் ஏறிய துணி கல்லாய்க் கனக்கும். கழுத்தளவு நீரில் நின்று ஒவ்வொன்றாக உருவி எடுக்கவேண்டும். கீழே வந்தால் நீரை மூடிப் படரும் அமலைச் செடி. கரையில் இழுத்துப் போட்டதை அங்கேயே விட்டுவிட்டால் அடுத்த தண்ணீரில் மறுபடி ஆற்றுக்குள் போய்விடும். அமலை கொழுப்பது சாக்கடையில் வரும் சத்தைத் தின்றுதான். 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நெல்லைக்கு நேரில் வந்து, ஆற்றில் கழிவுநீர் கலப்பதைப் பார்வையிட்டார்கள். ஆக, உரம் போடும் பொறுப்பு அரசுக்கு, களை பறிக்கும் பொறுப்பு மக்களுக்கு. இத்தனை ஒழுங்கான வேலைப் பங்கீட்டை வேறெந்தத் திட்டத்திலும் காண முடியாது. தன்னார்வலர்களால் துணியை எடுக்க முடியும், செடியை அரிக்க முடியும். சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. தாங்கள் செய்யவேண்டியது நிலுவையில் நிற்கும்வரை அவர்கள் செய்வதும் முடியாது.

பயிற்சியில்லாதவர்கள் கரையில் கைவைத்தால் கரை பலவீனப்படும், ஆபத்து நேரும், சேவை என்ற பெயரில் மணல் போய்விடும் என்று தாங்கள் சொல்லக்கூடும். முதல் இரண்டும் நியாயமான கவலைகள். அதற்காகத்தான் பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஒருவரை அனுப்பினால் போதும். மூன்றாவதற்கு ஒரு சிறு தகவல்: மணல் திருடுகிறவர்கள் மண்வெட்டியோடு வருவதில்லை, பொக்லைனோடு வருகிறார்கள். 95 செ.மீ. மழைக்கு எந்தக் கரைதான் தாங்கும் என்றும் கேட்கலாம். உண்மைதான், மழையின் அளவுக்குத் தாங்கள் பொறுப்பல்ல. ஆனால் குளத்தில் ஏறிய வண்டலுக்கும் மறுகாலை அடைத்து நிற்கும் உடைமரத்துக்கும் மழை பொறுப்பல்ல. இந்த ஆற்றின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தைத் தூர்வாருவதற்கே 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போகவேண்டியிருந்தது.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கையும் உண்டு. கும்பினி ஆட்சி முடிந்த 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. வெள்ளத்தில் கரை உடையும் ஆபத்து வந்தால் ஊர்க்காரர்கள் வந்து வேலை செய்தாக வேண்டும், வராதவனுக்குத் தண்டனை. இன்று வருகிறவன்தான் அனுமதிக்கு அலைகிறான். குடிமராமத்து இருந்த காலத்தில் ஊருக்குக் கரையைக் காக்கும் கடமை மட்டுமா இருந்தது? மடையை எப்போது திறப்பது, தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்பதில் ஊருக்குச் சொல் இருந்தது. பல ஊர்களில் மீன்பாசி வருமானமும் பொதுவுக்கே சேர்ந்தது. உரிமை ஒவ்வொன்றாக அலுவலகத்துக்குப் போய்ச் சேர, கடமை மட்டும் சேவை என்ற புதுப் பெயரில் ஊரிலேயே தங்கிவிட்டது. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க வழிசெய்யும் சட்டம் 2000-த்திலேயே இயற்றப்பட்டது. எனவே புதிதாகச் சட்டம் கேட்டுத் தங்களைச் சிரமப்படுத்த வேண்டியதில்லை.

ஆகவே கேட்பது மூன்றுதான். கரை வேலைக்கு அனுமதி கேட்டால் பதினைந்து நாளில் 'செய்யலாம்' என்றோ, 'கூடாது, காரணம் இது' என்றோ எழுத்தில் பதில் வரட்டும். ஒவ்வொரு குளத்தின் மறுகாலிலும் ஒரு பலகை வைத்து, கொள்ளளவு என்ன, கடைசியாகத் தூர்வாரியது எப்போது, எந்த அலுவலர் பொறுப்பு என்று எழுதுங்கள். ஆற்றில் விழும் ஒவ்வொரு சாக்கடை வாயும் எந்தத் தேதிக்குள் அடைபடும் என்பதை வெளியிடுங்கள். இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. பொறுப்பாளர் பெயரைப் பலகையில் எழுதத்தான் தயக்கம் வரும். அந்தத் தயக்கம் போகிறவரை எத்தனை பேர் மண் சுமந்தாலும் அடுத்த வெள்ளத்தில் அதே கரைதான் உடையும்.

இப்படிக்கு,
தாமிரபரணித் தண்ணீர் குடிக்கும் குடிமகன்

நகல்: வடகிழக்குப் பருவமழை – தகவலுக்காகவும், இயன்றால் சற்றுப் பொறுத்து வரவும்.