ஊதா நிறத்தில் குடியிருப்போர் கவனத்துக்கு

நாளிதழின் உள்பக்கத்தில், தொலைந்துபோன பத்திரத்துக்கும் பெயர் மாற்றத்துக்கும் நடுவே, எப்போதாவது ஒரு சின்னக் கட்டம் வரும். இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இத்தனை ஏக்கர்; குடியிருப்புப் பகுதியிலிருந்து தொழில் பகுதியாக நில வகைப்பாடு மாற்றம் கோரி விண்ணப்பம் வந்துள்ளது; ஆட்சேபணை இருப்பின் 21 நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும். முகவரி: சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், தாளமுத்து நடராசன் மாளிகை, எழும்பூர். மொழிக்காகச் சிறையில் உயிர்விட்ட இருவரின் பெயரைத் தாங்கிய கட்டடம் அது. அங்கிருந்து வெளிவரும் இந்தத் தமிழை மட்டும் எந்தத் தமிழனும் படித்துவிடக் கூடாது என்பதில்தான் எவ்வளவு அக்கறை! எழுத்து கடுகளவு. உங்கள் தெருவின் பெயர் இருக்காது. பக்கத்துப் பள்ளிக்கூடமோ, அம்மன் கோயிலோ, பஸ் ஸ்டாப்போ இருக்காது. அந்த சர்வே எண், நம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரியும் காலி நிலம்தான் என்று கண்டுபிடிப்பதற்குள் கெடு முடிந்திருக்கும். பிறகு கோப்பில் நிம்மதியாக ஒரு வரி ஏறும்: ஆட்சேபணை எதுவும் வரவில்லை.

நகரத்தில் எந்த நிலம் எதற்கு என்று சொல்ல முழுமைத் திட்டம் என்று ஒன்று உண்டு. முதலாவது 1975-ல் வந்தது, இரண்டாவது 2008-ல். மூன்றாவதைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் வரைபடத்தில் வீடுகளுக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா என்பது நகரமைப்பு வழக்கம். மஞ்சள் பென்சில் எந்தத் திசைக்கும் போகும். ஊதா பென்சிலுக்குத்தான் ஏதோ வாஸ்து தோஷம், கையில் எடுத்தாலே வடக்கே சாய்கிறது. போட் கிளப் பக்கமோ பெசன்ட் நகர் பக்கமோ அது தவறிக்கூட உருண்டதில்லை. வடசென்னையின் மணலிக்கும் எண்ணூருக்கும் வந்தால் மட்டும் கூர் தீட்டிக்கொள்கிறது. “சிறப்பு மற்றும் அபாயகரத் தொழில்கள்” என்றே ஒரு வகைப்பாடு வைத்திருக்கிறார்கள். சிறப்பு யாருக்கு, அபாயம் யாருக்கு என்று பிரித்துச் சொல்லும் நேர்மை மட்டும் அந்த வரைபடத்தின் குறிப்புப் பட்டியலில் இல்லை.

பென்சிலைவிட அழிரப்பருக்கு வலிமை அதிகம். மத்திய அரசு 1996-ல் ஒப்புதல் அளித்த கடலோர மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் இருக்கிறது. அங்கே கட்டுமானம் கூடாது. 2017-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநில அரசுத் தரப்பிலிருந்து வாங்கிய வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தைக் காணோம். சுமார் 6.5 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு! அகத்தியர் கடலைக் குடித்தது புராணம். நம் அலுவலகங்கள் ஒரு கழிமுகத்தையே காகிதத்தில் குடித்துவிட்டு ஏப்பம்கூட விடவில்லை. அதே நேரத்தில் கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கையால் இறால் தடவிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அரசு ஆவணப்படி அவர்கள் நின்றது தரையில். நனைந்த வேட்டி அவர்களுடைய மனப்பிரமை.

இதையெல்லாம் கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும். “ஆலைதான் முதலில் வந்தது, நீங்கள் அப்புறம் வந்து குடியேறிவிட்டுப் புகை என்று புகார் சொல்கிறீர்கள்.” மணலி சுத்திகரிப்பு ஆலை 1960-களின் கடைசியில் ஓடத் தொடங்கியது. மீனவர் குப்பங்கள் அதற்கு எத்தனை தலைமுறைக்கு முந்தியவை என்று தெரிய தொல்லியல் துறையைக் கூப்பிட வேண்டியதில்லை, அங்கே ஒரு பாட்டியைக் கேட்டால் போதும். சரி, அப்புறம் வந்தவர்களும் உண்டு. அவர்களைக் கொண்டுவந்தது யார்? 2004 சுனாமியில் வீடிழந்தவர்களுக்கு எர்ணாவூரில் அடுக்குமாடி கட்டிக் கொடுத்தது அரசு. ஒரு துறை ஆலைக்கு இடம் ஒதுக்குகிறது. இன்னொரு துறை அதன் அருகிலேயே ஏழைக்கு வீடு ஒதுக்குகிறது. மூன்றாவது துறை வந்து, அபாயத்துக்குப் பக்கத்தில் ஏனம்மா குடியிருக்கிறாய் என்று கண்டிக்கிறது. மூன்று துறைக்கும் ஒரே கோபுர முத்திரை.

மாசு அளக்கிற வேலையில் மட்டும் குறையே சொல்ல முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் குறியீட்டில் 70-ஐத் தாண்டினால் மிக மோசமாக மாசடைந்த பகுதி. 2009-ல் மணலி வாங்கியது 76.32. அபாயமணி அடித்தார்கள், செயல்திட்டம் போட்டார்கள், குழு அமைத்தார்கள், குழுவைக் கண்காணிக்க ஒரு குழு அமைத்தார்கள். 2018-ல் மணலி வாங்கியது 84.15. பையன் நன்றாகப் படிக்கிறான்.

2023 டிசம்பரில் வடசென்னை அதன் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டியது. மாத ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல் மழை. மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள் இறங்கியது. வீட்டுச் சுவரில் கறுப்புக் கோடு, படகில் பிசுக்கு, கூழைக்கடாவின் வெள்ளை இறகில் தார். நிறுவனம் வெள்ளத்தைக் கைகாட்டியது. வெள்ளத்துக்கு வக்கீல் கிடையாது. கடலுக்கடியில் துளைபோட்டு எண்ணெய் எடுக்கத் தெரிந்த தேசம், தண்ணீர்மேல் மிதந்த எண்ணெயை எடுக்க என்ன கருவி கொண்டுவந்தது? மக்கும் வாளியும். மீனவர்கள் ஃபைபர் படகில் உட்கார்ந்து, குளிக்கிற மக்கால் எண்ணெயை மொண்டு மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். நாசம் செய்தவனுக்கு நவீனத் தொழில்நுட்பம், நாசமானவனுக்குப் பிளாஸ்டிக் மக்.

அந்தப் பிசுக்கு கையைவிட்டுப் போவதற்குள் டிசம்பர் 26. சுனாமியில் போனவர்களுக்காகக் கடலில் பாலும் பூவும் விடுகிற நாள். அன்று நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்துக்கு எதிரே கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஊரை எழுப்பியது சனங்களின் மூக்குதான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு, வழியில் வந்த ஆட்டோவிலும் டூவீலரிலும் தொற்றிக்கொண்டு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதன்பின் நூறு நாட்களுக்கு மேல் பந்தல் போட்டுப் போராடினார்கள். நூறு நாள் வேலைத்திட்டத்திலாவது கூலி இருந்தது. இதில் அதுவும் இல்லை.

இத்தனையும் போதாதென்று, பெருநகர சென்னை மாநகராட்சி வடசென்னைக்கு ஒரு பரிசு யோசித்தது. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை. நாளொன்றுக்கு 2,100 டன் குப்பை, 21 மெகாவாட் மின்சாரம். அங்கே ஏற்கெனவே சுமார் 250 ஏக்கரில் குப்பைமேடு. அதைத் தோண்டிச் சலித்து நிலத்தை மீட்க 600 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியாயிற்று. தெற்கே பெருங்குடியில் குப்பையை அகழ்ந்து மீட்ட நிலத்துக்குச் சுற்றுச்சூழல் பூங்கா யோசனை. வடக்கே கொடுங்கையூரில் உலை யோசனை. ஒரே மாநகராட்சி, ஒரே குப்பை, இரண்டு மனசு. தெற்குக்காரருக்கு நடைப்பயிற்சி, வடக்குக்காரருக்கு மூச்சுப்பயிற்சி.

இந்த உலைக்குள் எதைப் போடலாம் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லியிருந்தன: மறுசுழற்சி செய்ய முடியாத, கிலோவுக்குக் குறைந்தது 1,500 கிலோகலோரி வெப்பம் தரக்கூடிய குப்பை மட்டும். நம் வீட்டுக் குப்பையில் இருப்பது என்ன? சாம்பாரில் மிஞ்சிய முருங்கைக்காய்ச் சக்கை, இளநீர் மட்டை, டீத்தூள், நனைந்த வாழையிலை. பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வாசலில் தனித்தனியாக நின்று, வண்டியில் ஏறியதும் சமத்துவம் அடைவதை நாம் தினமும் பார்க்கிறோம். டெல்லி ஓக்லாவில் இதேபோன்ற ஆலை 2012 முதல் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஓடுகிறது. அங்குள்ளவர்கள் பல வருடங்களாக நீதிமன்றப் படியேறிவந்திருக்கிறார்கள். ஆனால் கவலை வேண்டாம், அதற்கும் ஒரு பென்சில் உண்டு. அதிகம் மாசுபடுத்தும் தொழிலுக்குச் சிவப்பு வகை என்று சொல்லிவந்த மத்திய வாரியம், 2025-ல் நீல வகை என்று ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்தது. அத்தியாவசியச் சுற்றுச்சூழல் சேவைகளாம். குப்பை எரிக்கும் ஆலைக்கும் அதில் இடம் கிடைத்துவிட்டது. புகைபோக்கி அப்படியே இருக்கும், கலர் மட்டும் மாறும். இனி நுரையீரலுக்குத்தான் யாராவது சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் 200 உறுப்பினர்கள் உட்காரும் மாமன்றம் இருக்கிறதே, அங்கே விவாதிக்கலாமே என்பீர்கள். விவாதிக்கிறார்கள். முதலில் நன்றி. பிறகு பாராட்டு. பிறகு நன்றி சொன்னதற்குப் பாராட்டு. மிச்ச நேரத்தில் தெருவிளக்கு, நாய்த்தொல்லை. கடைசியில் கட்டுக்கட்டாகத் தீர்மானங்கள் ஒரே மூச்சில் நிறைவேறுகின்றன. நடுவில் எழுந்து ஆட்சேபிக்கும் ஓரிருவரை மைக் காப்பாற்றாது. கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் இன்னும் விசேஷம். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் பாட்டில், நாற்காலிக்கு ஒரு போலீஸ். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில். தமிழில் சுருக்கம் மட்டும். மூச்சுத்திணறல் முழுநீளத்துக்குக் கிடைக்கும், விளக்கம்தான் சுருக்கம்.

தொழிலே வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: உரமும் பெட்ரோலும் மின்சாரமும் வேண்டாம் என்று வடசென்னையில் எவரும் சொல்லவில்லை. அவர்கள் கேட்பது அற்பமானது. வீட்டுக்கும் ஆலைக்கும் நடுவே உண்மையான இடைவெளி விடுங்கள். ஒவ்வோர் ஆலையையும் ஊரிலேயே அது ஒன்றுதான் என்பதுபோலத் தனித்தனியாக மதிப்பிடாமல், ஏற்கெனவே இருக்கும் புகையோடு கூட்டிக் கணக்குப் போடுங்கள். மஞ்சளை ஊதாவாக்கும் முன் அந்தத் தெருவில் தண்டோரா போட்டுச் சொல்லுங்கள். இதைக்கூடச் செய்ய மாட்டோம் என்றால் அதற்குப் பெயர் வளர்ச்சி இல்லை, வசதிக்காரன் வீட்டுக் கழிவை ஏழை வீட்டு அடுப்படியில் கொட்டுவது. பச்சையாகச் சொன்னால் அயோக்கியத்தனம்.

கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். நம்மூரில் பொதுக் கழிப்பறைக்குக்கூடக் கல்வெட்டு உண்டு: திறந்துவைத்தவர், தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, எல்லாம் பளிங்கில். கசிவுக்கு மட்டும் பெயரே கிடையாது. மழை காரணம், குழாய் காரணம், “தொழில்நுட்பக் கோளாறு” காரணம். ஆகவே இனி எந்த நிலம் வகைப்பாடு மாறினாலும், எந்த ஆலைக்கு அனுமதி கிடைத்தாலும், அதன் வாசலில் ஒரு கல் நடுங்கள். விண்ணப்பித்தவர், பரிந்துரைத்தவர், ஆட்சேபணை வரவில்லை என்று எழுதியவர், கையெழுத்துப் போட்டவர், மாமன்றத்தில் கை தூக்கியவர் என்று அத்தனை பேரையும் இனிஷியலோடு பொறியுங்கள். வரிப்பணத்தில் வெட்டத் தேவையில்லை, செலவை வடசென்னை வீட்டுக்குப் பத்து ரூபாய் வசூலித்துக் கொடுத்துவிடும். அடுத்த முறை நள்ளிரவில் ஓடும்போது யாரைத் திட்டுவது என்ற குழப்பமாவது அவர்களுக்கு இல்லாமல் இருக்கட்டும்.