தனுஷ்கோடி ஸ்டேஷன் விஷயமாக ரயில்வே நிர்வாகத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய ரயில்வே நிர்வாகத்தாரின் சமூகத்திற்கு, ராமேசுவரத் தீவுக்கு யாத்திரை போய்வரும் சாமானியப் பிரயாணி ஒருவன் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

சிப்பந்திகளுக்குச் சம்பளம் இல்லை, விளக்குச் செலவு இல்லை, புகார்ப் புத்தகம் இல்லை என்னும் அரிய லட்சணங்கள் மூன்றும் ஒருங்கே அமையப்பெற்றும், நாள் தவறாமல் ஜனங்கள் வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு போகும் பாக்கியத்தையும் பெற்றிருக்கிற ஸ்டேஷன் தனுஷ்கோடி. இத்தனை சிக்கனமான ஸ்டேஷனின் பூர்வோத்தரம் அலுவல்களின் மிகுதியால் தங்களுக்கு மறந்திருக்கக்கூடும் என்பதால், அதனைச் சுருக்கமாக நினைவூட்ட அனுமதி வேண்டுகிறேன்.

1914-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, அதுவரை தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், சென்னையில் ஒரே டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போட் மெயில் என்ற ரயிலில் ஏறி, தனுஷ்கோடித் துறையில் நீராவிக் கப்பலுக்கு மாறி, சுமார் 20 மைல் கடலைக் கடந்து, தலைமன்னாரில் இலங்கை ரயிலைப் பிடித்துக் கொழும்பு சேரலாயினர். அக்காலத்தில் பாம்பனில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்தது. போட் மெயில் ராமேசுவரத்தைத் தொடாமலே நேரே தனுஷ்கோடிக்கு விரைந்தது. ராமநாதசுவாமிக்குக் கிளைப்பாதை, கப்பலுக்குப் பிரதான பாதை என்று சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனியார் செய்த இந்த ஏற்பாடு, வருமானம் எந்தச் சந்நிதியில் அதிகம் என்பதை ஸ்தல புராணங்களைவிடத் தெளிவாக எடுத்துரைத்தது. உயர்ந்த வகுப்பில் தோட்டத் துரைமார்களும், தாழ்ந்த வகுப்பில், நோய்ப் பரிசோதனைக்காக மண்டபம் முகாமில் நிறுத்திவைக்கப்பட்டுப் பிறகு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளிகளும், சேது ஸ்நானத்துக்கு வந்த யாத்திரிகர்களும் அந்தப் பாதையிலே போனார்கள். ஸ்டேஷனைச் சுற்றிச் சுங்க ஆபீஸ், தபாலாபீஸ், மாதா கோவில், ரயில்வே குடியிருப்பு என்று ஒரு சிறு பட்டணமே எழும்பிற்று.

1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் நம்பர் பாசஞ்சர் வண்டியை, அது தனுஷ்கோடியை நெருங்குகிற சமயத்தில், புயல் கிளப்பிய பேரலை நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களுடன் வாரிக்கொண்டது. இந்த விஷயத்தில் எனக்குப் பரிகாசம் வரவில்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றில்தான் வருகிறது.

புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை, ஸ்ரீ இ. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினீயரின் மேற்பார்வையில் 46 நாட்களில் செப்பனிட்டு, மனம் வைத்தால் தங்களால் ஆகாத காரியம் இல்லை என்று உலகத்துக்கு நிரூபித்தீர்கள். தனுஷ்கோடிக்கு அந்த மனத்தில் இடம் கிடைக்கவில்லை. ஊர் மனிதர் வசிக்கத் தகுதியற்றது என்று அரசாங்கம் பிரகடனம் செய்தது; கப்பல் ராமேசுவரத்துக்கு மாறி, பின்னர் இலங்கையில் யுத்தம் மூண்டதும் அதுவும் நின்றுபோயிற்று.

ஆயினும், வசிக்கத் தகுதியற்ற பூமி விழாக்களுக்குத் தகுதியற்றதாகிவிடாது என்ற நுட்பமான சித்தாந்தம் பிற்காலத்தில் உதயமாயிற்று. 2017-இல் தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள அரிச்சல்முனை வரையில் உல்லாசப் பிரயாணிகளுக்குத் தார்ச்சாலை திறக்கப்பட்டது. 2019-ஆம் வருஷம் மார்ச் முதல் தேதி, ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் நீளத்துக்கு, 208 கோடி ரூபாய் மதிப்பில் மீண்டும் பாதை அமைக்க, பிரதம மந்திரியவர்கள் அடிக்கல் நாட்டினார்கள். நாட்டிய இடம் கன்னியாகுமரியாகையால், தனுஷ்கோடியின் மணலுக்கு யாதொரு சிரமமும் நேரவில்லை. பின்னர், சுற்றுச்சூழலைக் கருதி மாநில அரசாங்கம் இசையாததால் திட்டம் கைவிடப்பட்டதென்று பத்திரிகைகள் எழுதின. மணல் இடம் பெயரும் என்பதும், இரு கடல்களுக்கு நடுவே நிலம் ஒடுங்கிக் கிடக்கிறது என்பதும், 1964-இல் அவ்வளவு பலமாக அறிவிக்கப்பட்டிருந்தும், அடிக்கல் விழாவுக்குப் பின்னரே உத்தியோகப் பூர்வமாகத் தெரியவந்தன போலும்.

திட்டத்தைக் கைவிட்டதற்காக நான் குறைகூற வரவில்லை; அதற்காகத் தங்களைப் பாராட்டவே விரும்புகிறேன். அந்தத் தீர்ப்பைக் கடல் முன்னரே வழங்கிவிட்டது, அதன்மேல் அப்பீல் கிடையாது. எனக்கு விளங்காதது வேறு: வசிக்கத் தகுதியற்றதென்ற அதே மணலில் ஓலைக் குடிசை போட்டு, வலை வீசிப் பிழைத்துவரும் செம்படவக் குடும்பங்கள் மட்டும் அரசாங்கக் கணக்கில் இல்லாத ஊரின் பிரஜைகளாக இருக்க, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குச் சாலையும், பிரசங்கம் செய்கிறவர்களுக்கு அடிக்கல்லும் எவ்வாறு அந்த மணலின் பெயரால் அனுமதிக்கப்பட்டன?

ஆகையால் என் பிரார்த்தனை இவ்வளவே. தனுஷ்கோடிக்கு வண்டி விடவேண்டாம். விடப்போவதாக இனி அறிவிக்கவும் வேண்டாம். எஞ்சியிருக்கிற ஸ்டேஷன் சுவர்கள் உப்புக்காற்றில் உதிர்ந்து விழுவதற்குள் அவற்றைத் தாங்கி நிறுத்தி, அந்த ஸ்டேஷன் எப்போது பிறந்தது, யார் யாரைக் கடல் கடத்தியது, எந்த இரவில் மாண்டது என்பதைத் தமிழில் நாலு வரி எழுதிவைக்க ஆக்ஞாபிக்கவேண்டும். அதற்கு 208 கோடி ஆகாது. ஒரு விழாவின் பந்தல் செலவே போதும்.

இப்படிக்கு,
தங்கள் விதேயன்,
ஒரு பிரயாணி.