முந்தானைக் கோட்பாடு: எந்திரங்களின் உடை குறித்துத் திருவனந்தபுரத் தரவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

எந்திரம் ஒன்று ஊருக்குள் நுழையும்போது எத்தனை பேர் அதைக் கண்டு பூரிப்பார்கள், எத்தனை பேர் பதறுவார்கள் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா? இவ்வினாவை அறிஞர்கள் உரிய கவனத்தோடு எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. செயலியின் வேகம், நினைவகத்தின் அளவு, பேட்டரியின் ஆயுள் என்று ஏதேதோ அளக்கிறார்கள். அளக்க வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். அளக்க வேண்டியது துணி. ஓர் எந்திரத்தின் மேல் எத்தனை முழம் துணி சுற்றியிருக்கிறதோ அத்தனை முழத்துக்குப் பூரிப்பும், அதே முழத்துக்குப் பதற்றமும் உண்டாகும்; அது செய்யும் வேலைக்கும் இவ்விரண்டுக்கும் சம்பந்தமில்லை. இதையே முந்தானைக் கோட்பாடு என்ற பெயரில் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. துணி என்றது ஆகுபெயர். முகம், குரல், பதவி, பெயர்சூட்டு விழா யாவும் அதனுள் அடங்கும். சான்றுகளில் பெரும்பகுதி திருவனந்தபுரத்தில் எடுத்தவை. இத்துறையில் அந்நகரத்தின் கையிருப்பு மற்ற ஊர்கள் பொறாமைப்படத் தக்கது.

முதற்கண் தரவுகள். 2019 பிப்ரவரியில் திருவனந்தபுரம் போலீஸ் தலைமையகத்தில் கேபி-பாட் என்னும் எந்திரப் பெண்ணை முதலமைச்சர் பினராயி விஜயன் பணியில் அமர்த்தினார். செய்தது கொச்சியின் அசிமோவ் ரோபாட்டிக்ஸ். வருகிறவர்களை வரவேற்பது, யாரை எங்கே பார்க்கலாம் என்று வழி சொல்வது, அதிகாரிகளைச் சந்திக்க நேரம் குறித்துக் கொடுப்பது ஆகியவை அதற்கு ஒதுக்கப்பட்ட வேலைகள். அரசு அலுவலக வாசல்களில் இவற்றை ஒரு பலகையும் ஒரு மேசையும் நெடுங்காலமாகச் செய்துவருகின்றன. ஆனால் பலகைக்கு யாரும் சப்-இன்ஸ்பெக்டர் பதவி கொடுத்ததில்லை. கேபி-பாட்டுக்குக் கொடுத்தார்கள், அது முதலமைச்சருக்கு சல்யூட்டும் அடித்தது. பதவியும் துணியில் ஒரு வகையே; நம் நாட்டில் இதற்குத் தனிச்சான்று காட்ட வேண்டியதில்லை. ஐந்தாண்டு கழித்து, 2024 தொடக்கத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்துக் கே.டி.சி.டி. மேல்நிலைப் பள்ளிக்கு ஐரிஸ் வந்து சேர்ந்தது. மேக்கர்லேப்ஸ் எஜுடெக் உருவாக்கிய அந்த எந்திரம் ஆங்கிலம், இந்தி, மலையாளம் மூன்றும் பேசும். புடவைக்குக் கீழே சக்கரங்களில் நகரும். செயற்கை நுண்ணறிவு ஆசிரியை என்று நாடெங்கும் படம் போட்டார்கள். ஒப்பீட்டுக்காக வெளியூர்த் தரவு இரண்டு: 2017 டிசம்பரில் மும்பை ஐ.ஐ.டி.யின் விழாவுக்கு வந்த சோஃபியா, அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சவூதி அரேபியக் குடியுரிமை பெற்றிருந்தும், புடவையில்தான் மேடையேறியது. 2023 ஜூலையில் ஒடிசாவின் ஓடிவி தொலைக்காட்சி அறிமுகப்படுத்திய செய்தி வாசிப்பாளர் லிசாவுக்கு உடலே கிடையாது, வெறும் திரைப்படிமம். அதற்கும் கைத்தறிப் புடவை. உடல் இல்லாததற்கும் உடை தேவைப்பட்டது என்ற இந்த ஒரு செய்தியே கோட்பாட்டின் முதற்பாதிக்குப் போதும்.

இது புதிய வியாதி என்பாரும் உளர். அவர்கள் கிழக்கே கோட்டைக்குள் போய், பத்மநாபசாமி கோயிலுக்கு எதிரே அண்ணாந்து பார்ப்பது நலம். அங்கே கருவேலப்புர மாளிகையின் மேலிருக்கும் மேத்தன் மணி என்னும் கடிகாரம், திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் காலத்தது என்பர். சுமார் 1840 என்று கணக்கு. கடிகாரத்துக்கு மேலே தாடி வைத்த ஒரு முகம். மணி அடிக்கும்போதெல்லாம் அவர் வாய் திறக்கும். இரு பக்கமும் நிற்கும் ஆட்டுக்கடாக்கள் வந்து அவர் கன்னத்தில் முட்டும். நேரம் தெரிந்துகொள்ள இந்த மூவரில் ஒருவரும் தேவையில்லை, முட்கள் இரண்டு போதும். ஆனால் கீழே கூடுகிற கூட்டம் முட்களைப் பார்க்க வருவதில்லை. அதே காலத்தில், 1837-இல், அதே அரசர் இன்னொரு கருவித் தொகுதிக்கும் பணம் கொடுத்தார்: ஜான் கால்டிகாட் பொறுப்பில் குன்றின் மேல் ஒரு வானாய்வுக்கூடம். 1852-இல் அங்கே வந்த ஜான் ஆலன் புரூன், அகத்தியமலையின் உச்சியருகே, ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், யானைக் காட்டைத் தாண்டிப் பூமியின் காந்தத்தை அளக்க ஒரு நிலையம் கட்டினார். காந்த விசையில் நாளுக்கு நாள் நேரும் ஏற்ற இறக்கம் ஓரூருக்கு உரியதில்லை, உலகுக்கே பொதுவானது என்ற முடிவுக்கு அவர் வந்தது இந்த அளவைகளைக் கொண்டுதான். நம் மரபில் இலக்கணம் பிறந்த மலையிலேயே நடந்த வேலை. தமிழர் யாரும் கொண்டாடியதாகத் தெரியவில்லை. புரூனின் கருவிகளுக்குத் தாடி இல்லை, கடாக்கள் முட்டவும் இல்லை.

இனி, பூரிப்பையும் பதற்றத்தையும் எதிரெதிராக நிறுத்துவது வழக்கம். அது அளவைப் பிழை. ஐரிஸைக் கண்டு, "இனி ஆசிரியரே தேவையில்லை" என்று ஒருவர் மகிழ்கிறார். "இனி ஆசிரியரே தேவையில்லை" என்று இன்னொருவர் மருள்கிறார். வாக்கியம் ஒன்று, குரல்தான் வேறு. இருவரும் நம்புவது அந்தப் புடவையை. புடவை இல்லாத எந்திரங்கள் பள்ளிக்குள் நுழைந்தபோது என்ன நடந்தது என்று பார்த்தால் இது விளங்கும். கேரள அரசின் கைட் நிறுவனம், தலைமையகம் இதே திருவனந்தபுரம், 8 முதல் 12 வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் கொண்டு சேர்த்தது. பாடம் நடக்கும் விதத்தையே மாற்றக்கூடிய இத்தனை ஆயிரம் எந்திரங்கள் கூரையில் தலைகீழாகத் தொங்கத் தொடங்கியபோது, மனிதகுலம் முடிந்தது என்று தொலைக்காட்சி விவாதம் எதுவும் கூடவில்லை. புரொஜெக்டருக்கு வணக்கம் சொல்லத் தெரியாது. ஆகவே அதை நம்பவும் ஆளில்லை, அஞ்சவும் ஆளில்லை. ஐரிஸ் சொல்லும் விடையை மாணவரின் பெற்றோர் பையிலிருக்கும் கைபேசியும் சொல்லும் என்பதை இங்கே குறித்துக்கொள்க.

பதற்றத்தைத் தனியே எடுத்துப் பார்த்தாலும் துணியே தட்டுப்படுகிறது. கைபேசிக் கோபுரங்களால் தேனீக்கள் வழிதவறிக் கூடு திரும்புவதில்லை என்ற கூற்று 2009-இல் கேரளத்திலிருந்து கிளம்பி உலகச் செய்திகளைச் சுற்றி வந்தது. சிட்டுக்குருவிக்கும் அதே கதை சொல்லப்பட்டது. இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2020 அறிக்கையோ, பெருநகரங்களில் குருவி குறைந்திருந்தாலும் நாடு முழுக்கக் கணக்கெடுத்தால் கால் நூற்றாண்டாக ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றது. இந்த அறிக்கையைப் படித்தவர்களைவிட, அதே கதையைச் சொல்லி 2018-இல் வந்த "2.0" படத்தைப் பார்த்தவர்கள் பல மடங்கு அதிகம். கோபுரம் இரும்புச் சட்டம். அதைப் பார்த்து யாருக்கும் தூக்கம் கெடாது. அதன் சார்பாகவோ எதிராகவோ பேச ஒரு முகம் வேண்டியிருந்தது. அந்தப் படத்தில் அட்சய் குமாருக்கு இறகும் அலகும் ஒட்டி அனுப்பினார்கள். கைபேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொண்டுபோயிற்று. ஒரு வேடத்துக்கு எதிராக ஒரு தொழிற்துறையே மனுப் போட்டது என்றால், துணியின் வலிமை இருதரப்புக்கும் தெரிந்தே இருக்கிறது.

தடை எழுப்புவார் கூற்றுகளுக்கு இனி விடை. "கேரளச் சாலைகளில் 726 கேமராக்கள் வைத்தபோது, அவற்றுக்கு முகமோ உடையோ இல்லாதிருந்தும் மாநிலமே கொதித்ததே" எனின், கொதித்தது உண்மை. எதற்கு என்று பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலில் திறந்தார்கள், ஜூன் 5 முதல் அபராதம். ஒரு சண்டை மாநில அரசு நிறுவனமான கெல்ட்ரான் வழியாகப் போன ஒப்பந்தத்தின் விலையைப் பற்றியது. மற்றொன்று, ஸ்கூட்டரில் அப்பா அம்மாவுக்கு நடுவே உட்காரும் குழந்தையை மூன்றாவது ஆளாக எண்ணலாமா என்பது. இரண்டும் காசுக் கணக்கு. எந்திரம் சிந்திக்கிறதா, நம்மை ஆளப்போகிறதா என்று கேட்டு எவரும் மாய்ந்துபோகவில்லை. இவ்வாறு பொருளறிந்து போடும் சண்டை இக்கட்டுரையின் ஆய்வெல்லைக்குள் வராது. அது ஆரோக்கியமானது, ஆகவே ஆராயத் தகுதியற்றது.

இதைவிடக் கடினமான தடை ஒன்று உண்டு. தேங்காய் மட்டை அடிக்கும் எந்திரத்தைக் கேரளத்துக் கயிற்றுத் தொழிலாளர் எதிர்த்தார்கள். அரசும் அதற்குக் கட்டுப்பாடு போட்டது. அலுவலகங்களுக்குக் கணினி வந்தபோது இடதுசாரித் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அந்த எந்திரங்களுக்கு என்ன முந்தானை இருந்தது? ஒன்றுமில்லை; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களுடையது கண்ணால் வந்த பயம் அன்று, வயிற்றால் வந்தது. மட்டை அடித்துக் கூலி வாங்கிய பெண்களுக்கு அந்த எந்திரம் தங்கள் கூலியில் எத்தனை அணாவைத் தின்னும் என்று துல்லியமாகத் தெரியும். முடிவு தவறாகப் போயிருக்கலாம். கேரளத்துக் கயிற்றுக்கு நார் தமிழ்நாட்டு ஆலைகளிலிருந்து போகிறது, எதிர்த்த அதே இடதுசாரிகளின் ஆட்சியில்தான் 1990-இல் டெக்னோபார்க்கும் எழுந்தது. இருந்தும் அவர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி: இதனால் யார் வேலை போகும், அவர்களுக்கு மாற்று என்ன? ஐரிஸைப் பார்த்து எழும் பதற்றத்தில் இந்த இரண்டாம் பாதி காணாமற் போகிறது. அதுவே துணியின் வேலை. ஆகவே கோட்பாட்டில் ஒரு திருத்தம்: இழப்பின் கணக்குத் தெரிந்தவருக்கு முழக்கோல் பொருந்தாது.

"முகம் இருந்தால் பழகுவது எளிது, குழந்தைகளுக்குப் பிடிக்கும், அதனால் வைக்கிறார்கள்" என்று மென்மையாகச் சொல்வாரும் உண்டு. இதில் உண்மை இருக்கிறது. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காகத் திருவனந்தபுரத்து இஸ்ரோ பிரிவு உருவாக்கிய வியோமமித்ரா என்ற எந்திரப் பெண்ணை 2020 ஜனவரியில் காட்டினார்கள். மனிதர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, மனிதர் தொடும் விசைகளைத் தொட வேண்டிய கருவிக்கு மனித உருவம் ஓரளவு நியாயமே. கால் தேவைப்படவில்லை, ஆகவே கால் வைக்கவில்லை. பொறியியலாளர் காலை வெட்டிச் சிக்கனம் செய்த இடத்தில் முகத்தை மட்டும் விட்டுவைத்ததற்குக் காரணம் விண்வெளியில் இல்லை, கீழே கேமரா பிடிப்பவர்களிடம் இருக்கிறது.

கடைசியாக, கோட்பாட்டின் எதிர்முனைச் சான்று. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளரும், அவர்களைக் காப்பாற்றக் குதித்த ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். அந்த உந்துதலில் குற்றிப்புறத்துப் பொறியியல் மாணவர்கள் சிலர் தொடங்கிய ஜென்ரோபாட்டிக்ஸ், 2018-இல் திருவனந்தபுரத்தில் பாண்டிகூட் என்ற எந்திரத்தை இறக்கியது. பெயர் பெருச்சாளியுடையது. குழிக்குள் போய்க் கால்களை விரித்து நின்று, கேமராவால் பார்த்து, நச்சுவாயுவை உணர்ந்து, கையால் கசடை அள்ளும். தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்த முறைப்படி இதற்கு ஊறு, நாற்றம், காட்சி மூன்றும் உண்டு. சுவையறிவு விடுபட்டிருக்கிறது, அது போகும் இடத்தை எண்ணினால் அது பெரும்பேறு. விருதுகள் வாங்கியிருக்கிறது, கும்பகோணத்துக்கும் வந்திருக்கிறது. ஆனால் மனிதர் வேலையைப் பறிக்க வந்த எந்திரம் என்று அதைக் கண்டு நாடு நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால், அது இன்னும் எத்தனை வேலையைப் பறிக்காமல் விட்டிருக்கிறது என்று யாராவது எண்ணிப் பார்த்திருப்பார்கள். ஐரிஸ் வந்த அதே 2024-இன் ஜூலையில், தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி வெள்ளத்தில் போனார். இரண்டு நாள் தேடினார்கள். அந்தத் தேடலுக்கு ஜென்ரோபாட்டிக்ஸின் எந்திரங்களும் வந்தன. குழிக்குச் செய்த எந்திரம் கால்வாய்க்கு ஆகாது என்று சொல்லலாம், சரிதான். ஆனால் தேட எந்திரம் கிடைத்த ஊரில் அள்ள எந்திரம் கிடைக்கவில்லை. குப்பை யாருடைய பொறுப்பு என்று ரயில்வேயும் மாநகராட்சியும் அப்புறம் வாதாடிக்கொண்டிருந்தன.

இதற்குப் பரிகாரமாக இவ்வாய்வு ஒரு சோதனையை முன்மொழிகிறது. மாநகராட்சி வாங்கும் அடுத்த பாண்டிகூட்டுக்குப் பாலராமபுரத்து நெசவாளரிடம் ஒரு கசவுப் புடவை எடுத்துக் கட்டி, ஒரு பெண் பெயரும் சுகாதார ஆய்வாளர் பதவியும் கொடுத்து, தலைமைச் செயலக வாசலில் நிறுத்த வேண்டும். கேட்கும் எட்டுக் கேள்விகளில் மூன்றுக்குத் தவறாக விடை சொன்னாலும் பாதகமில்லை. அதே நாளில் ஐரிஸின் புடவையைக் களைந்து, சக்கரத்தையும் ஒலிபெருக்கியையும் மட்டும் விட்டு, பக்கத்தில் நிறுத்தி, எதன் முன்னால் எத்தனை தொலைக்காட்சி வண்டி நிற்கிறது என்று எண்ண வேண்டும். கோட்பாடு சரியென்றால் மாலைக்குள் முதலமைச்சர் வருவார், இரவுக்குள் எதிர்க்கட்சி துப்புரவாளர் வேலைப் பாதுகாப்புக் கேட்டு அறிக்கை விடும், வாரக்கடைசிக்குள் கால்வாய்க்கும் ஒன்று வாங்க நிதி ஒதுங்கும். புடவையின் செலவை நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தள்ளுபடியில் சரிக்கட்டலாம். தீராத சிக்கல் ஒன்றே: குழிக்குள் இறங்குமுன் முந்தானையை இடுப்பில் செருகியாக வேண்டும், பாண்டிகூட்டுக்கு இடுப்பு எது என்பதில் பொறியாளர்களிடையே கருத்தொற்றுமை ஏற்படும்வரை தற்காலிகமாக ஊசி குத்திக்கொள்ளலாம்.