துரியோதனனுக்கும் தொடையிலதான் அடி

டேய் பேராண்டி, போர்வையை உதறிட்டு எழுந்து குந்து. ஓடுனது ரெண்டே ரவுண்டு, அதுக்கு முந்தாநேத்துல இருந்து படுக்கையா? மாரத்தான் ஓடுனவன்கூட இந்நேரம் கடைக்குப் போய் சாமான் வாங்கியாந்திருப்பான். உங்க ஆயா ஊத்தி வெச்ச கூழு ஏடு கட்டிப் போச்சு.

நீ வாசிக்கிற பஞ்சாங்கத்தை ஒரு தடவை நானே வாசிக்கிறேன், சரியான்னு பாரு. ஷூ கடிச்சுது. பக்கத்துப் பையன் முழங்கையால இடிச்சான். விசில் ஊதுனவர் அவங்க ஊரு ஆளு. எல்லாத்துக்கும் மேல எதிர்காத்து. ஏன்டா, வட்டமா ஓடுற மைதானத்துல போறப்போ எதிர்காத்து அடிச்சா, திரும்பி வர்றப்போ முதுகுல தள்ளியிருக்கணுமே? அந்தக் காத்து மட்டும் போளூருக்கு பஸ் ஏறிடுச்சா?

உங்க மாமன் வந்து, தோல்விதான் வெற்றிக்கு முதல் படின்னு ஆறுதல் சொல்லிட்டுப் போனான். அந்தக் கணக்குக்கு அவன் பத்தாங்கிளாஸ்ல ஏறுன படிக்கு இந்நேரம் பருவதமலை உச்சியில குந்திகினு இருக்கணும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை ஏற வர்ற கூட்டத்தைப் பாத்திருக்கியே. கடப்பாறைப் படி வரைக்கும் வீறாப்பா வந்துட்டு, நிமிர்ந்து பாத்ததும் "இங்கிருந்தே கும்பிட்டா சாமி கேக்கும்"னு திரும்புறவன் எத்தனை பேரு! அவனும் படி ஏறுனவன்தான். படியை எண்ணுனா போதாது, எந்தப் படியில கால் நடுங்குச்சுன்னு தெரியணும்.

நம்ம பக்கத்துல பாரதக்கூத்து விட்டா, படுகளத்தன்னைக்கு யாருக்கு சிலை செய்யறாங்க? தர்மருக்கா? அர்ச்சுனனுக்கா? தோத்துச் சாகப்போற துரியோதனனுக்கு! களத்துல மண்ணைக் குழைச்சு, ஆளு உசரத்துக்குப் பல மடங்கு நீளமா, மீசையும் கிரீடமுமா மல்லாக்கப் படுக்க வெக்கிறாங்க. ஜெயிச்ச அஞ்சு பேரும் அந்த மண்ணு வயித்தைச் சுத்திச் சுத்தி வர்றாங்க. பீமன் எங்கெங்கியோ அடிச்சுப் பாக்கறான், ஒண்ணும் ஆவல. கிருஷ்ணன் ஓரமா நின்னு தன் தொடையைத் தட்டிக் காட்டறான். அங்க ஒரே அடி, கதை முடிஞ்சுது. உடம்பு முழுக்க வஜ்ரம், தொடை மட்டும் பச்சைச் சதை. எங்க தோத்தான்னு அந்த ஊரு கைக்குழந்தைக்கும் தெரியும். உன்னைக் கேட்டா மட்டும் "மொத்தமா போச்சு தாத்தா"ங்கிற. மொத்தமா எவனும் தோக்கறதில்லடா.

புதுக்கோட்டை லட்சுமணனைப் பத்திக் கேட்டிருக்கியா? கேட்டிருக்க மாட்ட, உன் போன்ல கூத்தாடிங்கதான் வருவாங்க. 2017ல புவனேஸ்வர்ல ஆசியத் தடகளப் போட்டி. 5,000 மீட்டர், 10,000 மீட்டர், ரெண்டுலயும் தங்கம் அவருக்கு. அடுத்த வருஷம் ஜகார்த்தாவுல ஆசிய விளையாட்டு. 10,000 மீட்டருன்னா இருபத்தஞ்சு ரவுண்டு. ரெண்டு இல்ல, இருபத்தஞ்சு. 29 நிமிஷம் 44.91 வினாடியில மூணாவதா வந்துட்டார். வெண்கலம்னு ஊரே சந்தோஷப்பட்டுகினு இருக்கு, அப்பத்தான் சேதி வருது. ஒருத்தனை முந்தப் போறப்போ இடது கால் உள்கோட்டைத் தாண்டிப் பட்டிருக்கு. ஆட்டத்துல இல்லைன்னு எழுதிட்டாங்க. நம்மாளுங்க அப்பீல் பண்ணாங்க, எடுபடல. மெடல் பின்னால வந்த சீனாக்காரனுக்குப் போச்சு.

டீக்கடையில ஓசிப் பேப்பர்ல அதைப் படிச்சன்னைக்கு எனக்கு டீயே இறங்கல. பத்தாயிரம் மீட்டர் ஓடுனவனுக்கு ஒரு பாதம் தப்புச்சு. நீ சொல்ற ஷூவும் காத்தும் இதுக்கு முன்னால நிக்குமா? விடாம ஓடுனா மெடல் தானா திரும்பி வந்துடும்னு நான் கதை விடல. அந்த வெண்கலம் வரவே இல்ல. ஆனா அந்தப் பாதம் எங்க பட்டுச்சுன்னு உலகத்துக்கே தெரியும், அவருக்கும் தெரியும்.

பி.டி.உஷா கதை அதைவிட மோசம். 1984, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். மூணாவது வந்தவளுக்கு 55.41 வினாடி, உஷாவுக்கு 55.42. நூத்துல ஒரு பங்கு! நீ கொட்டாவி விடறதுக்கு வாயைத் திறக்கறதுக்குள்ள அது மாதிரி முப்பது போயிடும். முதல்ல உஷா நல்லாத்தான் பாஞ்சாங்க. வேற ஒருத்தி முன்னாடியே பாஞ்சுட்டான்னு எல்லாரையும் திரும்ப நிக்க வெச்சாங்க. ரெண்டாவது புறப்பாடு அவ்ளோ சரியா அமையல. முடியற கோட்டுல நெஞ்சை முன்ன சாய்க்கறதும் தவறிப்போச்சு. புறப்பாடு ஒண்ணு, சாய்மானம் ஒண்ணு, ரெண்டே எடம். அடுத்த வருஷமே ஆசியத் தடகளத்துல அஞ்சு தங்கம், 86ல சியோல்ல நாலு. நீ அந்தம்மா எடத்துல இருந்திருந்தா அந்த நூத்துல ஒரு பங்கை வெச்சே பேரன் பேத்தி எடுக்கற வரைக்கும் புலம்பியிருப்ப.

ஓட்டமே வேணாம், கபடிக்குப் போயிடறேன்னு நேத்து உங்கம்மாகிட்ட சொன்னியாமே. போ ராசா, நல்லாப் போ. தமிழ் தலைவாஸ் 2017ல களத்துல இறங்குனப்போ நானும் டிவி முன்னால துண்டை விரிச்சு குந்துனவன்தான். முதல் மூணு சீசனும் பட்டியலோட அடியிலதான் கிடந்தாங்க. கரண்டு போனா நல்லதுன்னு நெனைச்ச நாளெல்லாம் உண்டு. 2022லதான் முதல் தடவையா அரையிறுதிக்குப் போனாங்க, அங்கயும் புனேகாரன்கிட்ட தோத்தாங்க. தோல்வி இல்லாத ஆட்டம் தேடித்தான் கபடிக்குப் போறன்னா, வழியை மாத்திக் கேட்டுட்ட.

குந்துன எடத்துலயே ஆடுற செஸ்ஸுலயாவது நிம்மதி உண்டான்னு பாத்தா அங்கயும் இல்ல. 2022 ஆகஸ்டு, நம்ம மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட். குகேஷுக்கு அப்ப பதினாறு வயசு, உன் வயசு. வரிசையா எட்டு ஆட்டம் ஜெயிச்சுட்டு வந்தான். பத்தாவது சுத்துல உஸ்பெகிஸ்தான் பையன் அப்துசத்தோரோவ். கையில இருந்த ஆட்டத்தை ஒரே நகர்த்தல்ல விட்டுட்டு, தலையைக் கையில பிடிச்சுகினு குந்தியிருந்தான். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, அவன் ஆடுன அணிக்கு வெண்கலம். அதே பையன் 2024ல சிங்கப்பூருக்கு உலகப் பட்டத்துக்கு ஆடப் போறான். போனதும் முதல் ஆட்டம் அவுட்டு! அவனும் உன்ன மாதிரி ஓட்டல் ரூம்ல போர்வையை இழுத்து மூடியிருந்தா இன்னிக்கு யாருக்கு அவனைத் தெரியும்? மூணாவது ஆட்டத்துல ஈடு கட்டுனான். பதினோராவதுல ஜெயிச்சான், பன்னெண்டுல தோத்தான், பதினாலுல முடிச்சான். 14 ஆட்டத்துல ஜெயிச்சது மூணு, தோத்தது ரெண்டு, மீதி ஒம்பதும் டிரா. உலக சாம்பியனோட மார்க் ஷீட்டே இந்த லட்சணம்.

ஒரு சாக்கு மட்டும் நான் ஒத்துக்குவேன். நம்ம சேலத்து மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்ஸ்ல உயரம் தாண்டித் தங்கம் வாங்குனவரு. டோக்கியோவுல மழை கொட்டுது, ஊனமான காலுல போட்ட சாக்ஸ் ஊறிப் போச்சு. அதோட 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி. பாரிஸ்ல வெண்கலம். மூணு தடவை போயி ஒரு தடவைகூட வெறுங்கையோட வராத ஆளு சாக்ஸைக் குத்தம் சொன்னா காது கொடுத்துக் கேக்கணும். நீ ஏழாவது வந்துட்டு சொன்னா எப்பிடிடா கேக்கறது?

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். நான் ஓரமா குந்தி மல்லாட்டை உரிச்சுகினு பாத்துகினுதான் இருந்தேன். முதல் நூறு மீட்டர் அவனவன் கோட்டுல ஓடணும், அது சரியா ஓடுன. கோடு கலைஞ்சதும் இன்னா பண்ண? உள்பக்கம் சேராம, எல்லாரையும் வெளிப்பக்கமா சுத்திகினு முன்னால போன. வளைவுல வெளிப்பக்கம் ஓடறவனுக்கு தூரம் ஜாஸ்தி. மத்தவன் எண்ணூறு ஓடறான், நீ உங்க அப்பன் கயினியை ஒரு சுத்து சுத்திட்டு வர்ற. உன் சிநேகிதன் போனைத் தூக்கிப் பிடிச்சிருந்த எடம் வந்ததும் உன் கால் தரையிலயே இல்ல. முதல் ரவுண்டு மணி அடிச்சப்போ நீதான் முதல் ஆளு, நானே ரெண்டு பேருகிட்ட "நம்ம பையன்"னு சொல்லிட்டேன். அறுநூறு மீட்டர் கிட்ட வந்ததும் உன் தொடை கல்லாச்சு. கிருஷ்ணன் தட்டிக் காட்ட வேண்டிய அவசியமே இல்ல, கடலை விக்கறவனுக்கே தெரிஞ்சுது.

ஜெயிச்சானே அந்த மலைப் பையன், முதல் ரவுண்டுல அவன் எங்க இருந்தான்? உனக்குப் பின்னால அஞ்சாவதா, உள்கோட்டை ஒட்டிகினு, உன் முதுகைப் பாத்துகினு இருந்தான். அவனை ஒருத்தனும் வீடியோ எடுக்கல.

நாளைக்கு விடியக்காலம் செய்யாத்து மணலுக்கு வா. ரத சப்தமிக்கு அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வர்ற ஆறு, உன் பவுசுக்குக் கொறைச்சல் இல்ல. அந்த மணல்ல கொஞ்ச நாள் கால் பழகட்டும். அப்புறம் பள்ளிக்கூட மைதானத்துல நானூறு, நானூறா ஓடு. ரீல்ஸ் எடுக்கற அதே போன்ல வினாடியைப் பாத்து எழுதி வெய்யி. முதல் நானூறும் ரெண்டாவது நானூறும் ரெண்டு மூணு வினாடிக்கு மேல தள்ளிப் போனா, அன்னைக்கு உனக்கு முட்டை கிடையாது, ஆயாகிட்ட சொல்லி வெச்சுட்டேன்.

ஞாயித்துக்கெழமை ஜமுனாமரத்தூர் பஸ் ஏறி, ஜெயிச்ச அந்த மலைப் பையன் வீட்டுக்குப் போ. முதல் ரவுண்டு எத்தனை வினாடியில ஓடுனன்னு நேரா கேளு. வெக்கமா இருந்தா பஸ்லயே பட்டுட்டுப் போயிடு. வெறுங்கையோட போவாத, ரெண்டு படி மல்லாட்டை எடுத்துகினு போ. வர்றப்போ நல்ல சாமை கிடைச்சா ஒரு அஞ்சு கிலோ வாங்கியா. ஆயாவுக்கு சக்கரை ஏறிப்போச்சு, டாக்டர் அரிசியைக் கொறைக்கச் சொல்லியிருக்காரு.