மீன் உபசாரி

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் மீனைப் பிடிப்பவர், விற்பவர், உலர்த்துபவர், உண்பவர் என்று மாந்தர் நால்வகைப்பட்டிருந்தது போக, அண்மைக் காலமாக மீனை உபசரிப்பவர் என்று ஐந்தாம் வகையினர் தோன்றியிருக்கிறார்கள். திருவுளச்சீட்டில் தமக்கு விழுந்த 'பாடு' என்னும் மீன்பிடி இடத்தில் இரவெல்லாம் வலை போட்டு, அகப்பட்டதை ஈவிரக்கமின்றிக் கூடையில் கொட்டிவிட்டு வரும் அதே மனிதர், சென்னைக் கொளத்தூரிலிருந்து பொன்னேரி வழியாகப் பேருந்தில் வந்திறங்கும் இரண்டங்குலத் தங்கமீனைச் சம்பந்தி வீட்டாரைப் போல எதிர்கொண்டழைக்கும் வைபவம் காணத்தக்கது.

வீட்டுக் கிணறு உப்பாதலால், குடிப்பதற்கென்று வந்த குடங்களில் பாதியைத் தொட்டிக்குத் தானம் செய்து, குளோரின் வாசனை பறக்கட்டுமென்று முதல் நாளே திறந்து வைத்திருப்பார். பிராணவாயு அடைத்த பையை அவிழ்க்காமலே அந்த ஜலத்தில் மிதக்கவிட்டு, உள்ளும் புறமும் உஷ்ணம் சமமாகும் வரையில், கால்மணி நேரம், விளக்கையும் அணைத்து வீட்டார் வாயையும் அடைத்துவிடுவார். இதுவரை சாஸ்திரோக்தமே. அப்பால் பையை அவிழ்த்து, குளுக்கோஸ் ஏற்றும் குழாயைத் தொங்கவிட்டு, இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரை இறக்குவதில்தான் அவருடைய பக்தி எல்லை மீறுகிறது. மூடிய பையில் மீன் விட்ட மூச்சுக் கரியமிலவாயுவாகத் தேங்கி நீரைப் புளிப்பாக்க, அதனால் கழிவிலுள்ள அம்மோனியா வீரியம் அடங்கியிருக்கிறது. பையைத் திறந்ததும் வாயு வெளியேற, அடங்கியிருந்தது விஷமாகத் தலையெடுக்கிறது. கொளத்தூர் மீன் பிழைத்துக்கொள்ளும். கல்கத்தாவிலிருந்து நெடுநேரம் பையில் அடைபட்டு வரும் மீனுக்கு இந்த உபசாரமே யமனாக முடியலாம். இதைச் சொன்னால், "அவசரப்பட்டா ஆவுமாண்ணே?" என்று நம் முகத்தைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

"டேய், மடவைக் கொழம்பு ஆறுதுடா. மொதல்ல சோறு துன்னு" என்பார் தாயார்.

"இரும்மா, உப்பு பழகணும்."

"முகத்துவாரம் தூந்தா ஏரி கடலவிடக் கரிக்குது, மழை பேஞ்சு ஆரணியாறு வந்தா சப்புனு ஆவுது, நம்ம மடவைக்கு எவன்டா கொழா வச்சான்?"

"அது நம்மூரு மீனும்மா, தாங்கும். இது வந்த எடம்."

வலைக்கரண்டியால் மீனை மாத்திரம் அள்ளித் தொட்டியில் விட்டு, பைத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டு, இன்று ஒருவரும் அதற்குத் தீனி போடலாகாதென்று ஆக்ஞை பிறப்பித்த பிறகு, தாங்கும் மீனில் இன்னும் இரண்டு துண்டு போடச் சொல்லி இலையை நகர்த்துவார்.