அண்டா கழுவ ஆளைக் கூப்பிடு

அமெரிக்காவுல மாநிலத்துக்கு எம்மாம் அதிகாரம்னு காலையிலேர்ந்து பேசுறியே பேராண்டி, தொண்டை காயல? நீ சொல்றதுல பாதி நெசம்தான். பங்கு பிரிச்சு எழுதினதுல விட்டுப்போனது எதுவா இருந்தாலும் நம்ம சட்டத்துல டெல்லிக்குப் போவும், 248ஆவது பிரிவு. அமெரிக்காக்காரன் 1791லயே தலைகீழா எழுதிட்டான்: வாஷிங்டனுக்குக் குடுக்காததெல்லாம் மாநிலத்துக்கு, இல்லன்னா சனங்களுக்கு.

ரொம்ப சந்தோஷம். 2025 ஆகஸ்டு 27லேர்ந்து நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரின்னாரே அந்த ஊரு அதிபர், ஆம்பூர் ஷூவையும் சேர்த்துத்தான், எந்த மாநிலத்தைக் கேட்டுப் போட்டாரு? அவரு வரி போடுற அதிகாரத்தையே எதிர்த்து 12 மாநிலம் ஏப்ரல்லயே கோர்ட்டுக்குப் போயாச்சு. பாலாத்துல ஆந்திரா அணை கட்டுதுன்னு நம்மாளுங்க 2006ல உச்ச நீதிமன்றம் போனாங்களே, அதே படிக்கட்டு, ஊருதான் வேற.

சரி, உன் கோவத்துக்கும் கொஞ்சம் தீனி போடுறேன். ஜி.எஸ்.டி. கவுன்சில்ல டெல்லிக்கு மூணுல ஒரு பங்கு ஓட்டு, எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து மீதி ரெண்டு பங்கு. முடிவு எடுக்க நாலுல மூணு பங்கு வேணும். கூட்டிக் கழிச்சுப் பாரு. டெல்லி தலை ஆட்டலன்னா, மாநிலம் மொத்தமும் ஒண்ணா நின்னாலும் தோலு மேல அரை சதவீதம் குறைக்க முடியாது. இதைத் தாராளமா மேடையில சொல்லு, நல்லா கைதட்டுவாங்க.

தட்டி முடிச்சதும் பாலாத்துப் பக்கம் வா. கல்யாணத்துல பிரியாணி பரிமாற அண்ணனும் தம்பியும் கரண்டிக்கு அடிச்சுக்குவாங்க; அண்டா கழுவணும்னா ரெண்டு பேரையும் காணோம். ஆத்துல கலக்குற டேனரிக் கழிவுத் தண்ணி கதையும் அதான். 1986ல டெல்லி ஒரு சுற்றுச்சூழல் சட்டம் போட்டுச்சு. தனி அமைப்பு வைக்கிற அதிகாரத்தை மூணாவது பிரிவுல தன் மடியிலயே முடிஞ்சுக்கிச்சு. முடிச்சை அவுக்க மட்டும் மறந்துபோச்சு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னையோடது. அது நோட்டீஸ் விடும், கெடு குடுக்கும், அந்தக் கெடுவுக்கு இன்னொரு கெடு குடுக்கும். டேனரிக்காரங்க மட்டும் லேசுப்பட்டவங்களா? டெல்லிகிட்ட அன்னியச் செலாவணின்னு ஒரு பேச்சு, சென்னைகிட்ட ஊருக்கு வேலைன்னு ஒரு பேச்சு. கிணத்துத் தண்ணி இன்னா நிறத்துல இருந்துச்சுன்னு உங்க நைனாவைக் கேளு.

கடைசியில வேலூர்க்காரங்க ஒரு நல அமைப்பு வச்சு வழக்குப் போட்டாங்க. 1996 ஆகஸ்டு 28ல நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொல்லுச்சு: அந்த அமைப்பை உடனே வைய்யின்னு டெல்லிக்கு, ஆளுக்கு 10,000 ரூவா அபராதம் கட்டுன்னு டேனரிங்களுக்கு, பசுமை அமர்வு ஒண்ணு வைய்யின்னு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. 28 வருஷத்துக்கு மேல கழிச்சு, 2025 சனவரி 30ல அதே உச்ச நீதிமன்றம் அதே ஆத்துக்காக ஒரு குழு போடச் சொல்லுது. கரண்டிச் சண்டை நடந்திருந்தாலாவது யாரோ ஒருத்தன் ஜெயிச்சிருப்பான். இங்க சண்டையே நடக்கல பேராண்டி, ரெண்டு பேரும் மரியாதையா வழி விட்டுக்கிட்டாங்க.

அதனால மாநில சுயாட்சி மனுவை நீ தாராளமா எழுது. கார்பன் தாள் வச்சு மட்டும் எழுது. அடிப் பிரதியில டெல்லின்னு வர்ற எடத்துல சென்னைன்னும், மாநிலம்னு வர்ற எடத்துல ஆம்பூர் நகராட்சின்னும் திருத்தி, கோட்டைக்கு அனுப்பு. நகராட்சிக்குக் குடுக்கலாம்னு 1992ல 74ஆவது திருத்தம் 18 வேலை எழுதி வச்சிருக்குது, சுற்றுச்சூழலும் அதுல ஒண்ணு. குடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றது மாநிலம். ஸ்டாம்பு காசு நான் தர்றேன். வர்ற பதிலை இப்பவே சொல்லட்டா? டெல்லி நமக்கு இந்தியில சொல்றதை, கோட்டை உனக்கு நல்ல தமிழ்ல எழுதி அனுப்பும்.