புள்ளியியல்: ஓய்வுக்குப் பின் தூரிகை எடுப்போர் பற்றி ஓர் ஆய்வு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு முப்பத்தோராண்டு பேருந்தில் வேலைக்குப் போய்வந்த ஒருவர், ஓய்வு பெற்ற நான்காம் மாதம் வண்ணப்பெட்டி வாங்குவது ஏன்? இதுவே ஆய்வுச் சிக்கல். மாதிரி அளவு: ஒன்று. அந்த ஒருவரும் இக்கட்டுரையாளரே. ஆய்வுக்குட்பட்டவர் பொய் சொன்னால் ஆய்வாளருக்கு உடனே தெரிந்துவிடும் என்பது இம்முறையின் சிறப்பு.

முன்னோடிகளுக்கு ஒரு கும்பிடு. கீழ்வாலைப் பாறையில் செங்காவியால் ஆட்களையும் குறியீடுகளையும் தீட்டிச் சென்றவர்களே இம்மாவட்டத்தின் மூத்த ஓவியர்கள். கட்டம் போடவில்லை, வசனம் எழுதவில்லை. மற்றபடி அது படக்கதைதான் என்பது என் துணிபு. அடுத்தவர், 'சித்திரகாரப்புலி' என்று பட்டம் சூடிய முதலாம் மகேந்திரவர்மன். மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்ததைக் கல்லில் வெட்டியும் வைத்தார். கான்வாஸ், தாங்கி, பயிற்சி இல்லாமல் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் படம் எடுத்த அடியேன் அந்த மரபு. கல்வெட்டு மட்டும் பாக்கி.

இனி மூலகாரணம். 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாகச் சிவகாசியிலிருந்து வந்து இறங்கியவர் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும்; இரும்புக்கை மட்டும் தெரியும். முகம் வரைய வராதவர்கள்மேல் இவ்வளவு இரக்கம் காட்டிய நாயகன் உலகில் வேறில்லை. என் முதல் படத்தில் கை மட்டும் இருந்தது.

"மீதி ஆளு எங்கங்க?" என்றாள் மனைவி.

"மறைஞ்சிருக்கார்."

"வரைய வரலன்னு சொல்லுங்க."

இந்தக் கட்டத்தில்தான் ராய் லிக்டன்ஸ்டைன் துணைக்கு வந்தார். அமெரிக்கரான இவர் மிக்கி மவுஸையும் டொனால்ட் டக்கையும் பெரிய துணியில் தீட்டியது 1961இல், முப்பத்தேழு வயதில். மலிவு அச்சில் மையை மிச்சம்பிடிக்கப் போடும் 'பென் டே' புள்ளிகளை மறைக்காமல் ஊதிப் பெருக்கிக் காட்டினார். 1963இல் வரைந்த 'வாம்!' நான்கு மீட்டர் அகலம். லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு போர் விமானம் சுடுகிறது, இன்னொன்று அந்தத் தலைப்பின் சத்தத்தோடு வெடிக்கிறது. நம் பக்கத்தில் எந்த விமானமும் 'வாம்' என்று வெடிக்காது. 'டமால்' என்று திருத்தித்தான் நகலெடுத்தேன்.

புள்ளிகள் எனக்குப் புதிதல்ல. பேருந்துக்காகக் காத்திருக்கும்போது பக்கத்து ஃப்ளெக்ஸ் பலகையை ஒரு சாண் தூரத்தில் பாருங்கள்: தலைவரின் கன்னம் கலைந்து வெறும் புள்ளிகளாகிவிடும். அரசியல் அறிவும் ஓவிய அறிவும் எனக்கு ஒரே இடத்தில், வண்டி தாமதமான ஒரு மாலையில் கிடைத்தன.

லிக்டன்ஸ்டைன் துளையிட்ட உலோகத் தகட்டை அச்சாக வைத்துப் புள்ளி வைத்தாராம். எங்கள் வீட்டில் அந்த இலக்கணத்துக்குப் பொருந்திய ஒரே பொருள் பூந்திக் கரண்டி. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் அது அலமாரியிலிருந்து என் அறைக்கு இடம்பெயர்ந்தது. கழுவித்தான் திருப்பி வைத்தேன்.

"ஏங்க, பூந்தி ஏன் நீலமா இருக்கு?"

இவ்வினா இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மார்கழியில்தான் கோட்பாடு உடைந்தது. ஒரு வரிசைப் புள்ளிகளின் சந்துக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளி விழ வேண்டும் என்பதை நான் அளவுகோல் வைத்து இரண்டு மாதம் போராடிக் கண்டடைந்திருந்தேன். வாசலில் அதற்கு ஊடுபுள்ளி என்று பெயர். 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை: நடுவில் 15, இரு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8, ஆக மொத்தம் 169. மனைவி இதைக் கரண்டி, அளவுகோல் எதுவுமில்லாமல், இருட்டில், பால்காரரோடு கணக்குப் பேசிக்கொண்டே வைக்கிறாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம், அழும் பெண் ஒருத்தியின் கன்னத்தில் அதே 169 புள்ளிகளை வைத்து முடித்தேன். காப்பி கொண்டுவந்தவள் நின்றபடியே ஒரு பார்வை பார்த்தாள்.

"ரெண்டு கூட இருக்கு."

"எந்த ரெண்டு?"

"நீங்கதான ஆராய்ச்சி பண்றீங்க?"

மூன்று முறை எண்ணியாயிற்று. ஒருமுறை 168 வந்தது.